சோடியம் விளக்கும் வெப்ப வியாழன்களும்

லால்குடி சிவன் கோயிலின் மூலவர் சப்தரிஷீஸ்வரர். ஏழு முனிவர்களும் வந்து தவமிருந்து வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். அந்த ஏழு பேருக்கு வானத்திலும் இடம் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் முன்னிரவில் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் துலங்கும். அதன் வால் நுனியிலிருந்து இரண்டாவதாக இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. அம்மி மிதித்து அருந்ததி பார்க்காமல் நம் பக்கத்துக் கல்யாணங்கள் பல முடிவதில்லை. பட்டப்பகல் முகூர்த்தத்தில் சாஸ்திரிகள் மண்டபக் கூரையை நோக்கி விரலை நீட்டுவார். மாப்பிள்ளையும் பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டிவிட்டு அடுத்த சடங்குக்குப் போய்விடுவார்கள்.

வசிஷ்டரைப் பார்த்ததோடு நிற்காமல் அவருடைய ஒளியைப் பிரித்தும் பார்த்தவர் எட்வர்ட் பிக்கரிங். 1889-ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த நிறமாலைப் படங்களில், அந்த விண்மீனின் கருங்கோடு சில நாட்களில் ஒன்றாகவும் சில நாட்களில் இரண்டாகவும் பதிந்திருந்தது. தொலைநோக்கியில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தது உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்று நம்மை நோக்கி வரும்போது மற்றது விலகிப் போகிறது, கோடு பிளக்கிறது. கண்ணுக்குப் பிரியாத இரட்டையை நிறமாலை பிரித்துக் கொடுத்த முதல் சந்தர்ப்பம் அது. சுற்றுக்காலம் 104 நாள் என்று பிக்கரிங் கணக்கிட்டார். கணக்கு தப்பு. சரியான விடை 20.5 நாள் என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. இந்தத் தப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; இதே போன்ற தப்புகள் மேலும் சில வரப்போகின்றன.

அதே சப்தரிஷி மண்டலம் அடங்கிய வானப் பகுதியில் எச்.டி. 80606 பி என்றொரு கோள் இருக்கிறது. வியாழனைவிட நான்கு மடங்கு நிறை. 111 நாளுக்கு ஒருமுறை தன் சூரியனைச் சுற்றுகிறது. ஆனால் பாதை ஒரேயடியாக நீண்டு கிடப்பதால், பெரும்பாலான நாட்கள் எட்டத்தில் கழிந்து, சில மணி நேரம் மட்டும் சூரியனை உரசுகிற மாதிரி வந்து போகும். 2007-ல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அந்தச் சில மணி நேரத்தைக் காத்திருந்து பிடித்தது. ஆறு மணி நேரத்தில் கோளின் வெப்பநிலை சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200 டிகிரிக்கு ஏறியது. அக்னி நட்சத்திரத்தில் திருச்சி வெயிலைத் திட்டுகிறவர்கள் கவனிக்க.

இப்படிச் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகும் ராட்சசக் கோள்களை வானியலார் வெப்ப வியாழன்கள் என்கிறார்கள். முதலாவது 1995-ல் அகப்பட்டது: 51 பெகாசி பி. மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டுபிடித்தார்கள். 2019-ல் நோபல் பரிசு வந்தது. வியாழனில் பாதி நிறையுள்ள அந்தக் கோளுக்கு நான்கேகால் நாள்தான் ஓர் ஆண்டு. நம் வியாழனுக்கு ஓர் ஆண்டு என்பது நமது கிட்டத்தட்ட 12 ஆண்டு. இன்று உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் வெப்ப வியாழன்கள் சிறுபான்மைதான். ஆனாலும் வேற்றுக் கோள்களின் காற்றைப் பற்றி இதுவரை உருப்படியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, உயிர் என்ற பேச்சுக்கே இடமில்லாத இந்த உலைகளிலிருந்துதான் வந்தது.

செய்தித்தாள்களுக்கு இது சுவைப்பதில்லை. அவற்றுக்கு வேண்டியது ‘இரண்டாவது பூமி’. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் பணியாற்றும் இந்திய வானியலாளர் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுவின் சாயல் தெரிவதாக அறிவித்தது. பூமியில் அதைக் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடுகின்றன. மறுநாளே உயிர் கிடைத்துவிட்டது என்ற தொனியில் தலைப்புகள் வந்தன. அதே தரவை வேறு குழுக்கள் அலசி, சான்று அவ்வளவு வலுவானதல்ல என்று சொன்னபோது அந்தத் தலைப்புகளுக்குத் திருத்தம் போட இடம் கிடைக்கவில்லை. மதுசூதன் பெயரை நாட்டுக்குப் பரிச்சயமாக்க வேண்டுமானால் அவர் அதற்கு வெகு முன்பே வெப்ப வியாழன்களில் செய்த வேலையைச் சொல்லியிருக்கலாம். டபிள்யூஏஎஸ்பி-12பி என்ற கோளில் ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுதி என்று 2011-ல் நேச்சர் இதழில் எழுதினார். அதையும் பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். 2015-ல் அதே கோளில் நீராவி தெரிந்தது. அறிவியல் நடக்கும் விதமே அதுதான்.

ஏன் வெப்ப ராட்சசர்கள்? காரணம் எளிய இயற்பியல். சூடேறிய காற்று உப்பும்; லேசான காற்று மேலும் உப்பும்; ஈர்ப்பு குறைவாக இருந்தால் இன்னும் உப்பும். மேலே போகப் போகக் காற்று எவ்வளவு சீக்கிரம் அடர்த்தி குறைகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. பூமியில் அது சுமார் 8 கிலோமீட்டர். டபிள்யூஏஎஸ்பி-39பி என்ற கோளுக்கு அதே கணக்கைப் போட்டால் சுமார் 1,000 கிலோமீட்டர் வருகிறது. சனியின் நிறை, வியாழனைவிடப் பெரிய உருவம், 900 டிகிரி சூடு, பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்: எண்ணெயில் விழுந்த பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது.

அந்தக் கோள் தன் சூரியனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளியில் சுமார் 2 விழுக்காடு மறைகிறது. கோளின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வளையத்தின் வழியாக வரும் ஒளி மட்டும் சில அலைநீளங்களில் கூடுதலாகக் குறைகிறது. எந்த அலைநீளத்தில் குறைகிறதோ, அதை விழுங்கும் வாயு அங்கே இருக்கிறது. டபிள்யூஏஎஸ்பி-39பி-யில் இந்தக் கூடுதல் குறைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல். பூமியைப் போன்ற ஒரு கோள் சூரியனைப் போன்ற விண்மீனைக் கடந்தால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முதலாவதை இன்றே அளக்கலாம். இரண்டாவதற்கு இப்போதுள்ள கருவி எதுவும் போதாது.

இனி திருச்சிக்கு வருவோம். லால்குடி, புள்ளம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் காலை ரயிலிலும் பேருந்திலும் ஏறித் திருச்சிக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். அவர்களில் இயற்பியல் எடுத்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சி உண்டு. ஜன்னலை அடைத்த இருட்டறை. மேசையில் நிறமாலைமானி. சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் இளஞ்சிவப்பாக எரியும். உள்ளே இருக்கும் நியான் அது. சில நிமிடம் பொறுத்தால் சோடியம் ஆவியாகி மஞ்சள் பரவும். ரசமட்டம் வைத்து மேடையைச் சமப்படுத்தி, பிளவைக் குறுக்கி, கீற்றணியைச் செங்குத்தாக நிறுத்தி, தொலைநோக்கியை மெல்லத் திருப்பினால் இருட்டில் ஒரு மஞ்சள் கோடு வந்து நிற்கும். இரண்டாம் வரிசைக்குப் போனால், கீற்றணி நல்லதாக இருந்தால், அந்தக் கோடு இரண்டாகப் பிரியும்: 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். குறுக்கு நூலை அதன் மேல் பொருத்திவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் வெர்னியரைப் படிப்பார்கள்.

பிறகு விளக்கை மாற்றிப் பாதரச ஒளியில் அதே வேலை. பச்சைக் கோடு 5461 ஆங்ஸ்ட்ராம் வரவேண்டும். வராவிட்டாலும் வரும்! விடையை முதலில் எழுதி, கணக்கைப் பின்னோக்கிப் போட்டு, வெர்னியர் அளவைச் ‘சரிசெய்யும்’ கலை ரெக்கார்டு நோட்டு தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. 5461 வந்தால் முழு மதிப்பெண். 5530 வந்தால் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை, மதிப்பெண் மட்டும் குறையும். பிளஸ் டூ செய்முறைத் தேர்விலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தெரிந்த விடைக்கு மதிப்பெண் போடும் ஏற்பாடு அந்த ஒழுக்கத்தைத்தான் வளர்க்கும்.

அதே மஞ்சள் கோட்டில்தான் புறக்கோள் காற்றின் வரலாறு தொடங்குகிறது. எச்.டி. 209458பி என்ற வெப்ப வியாழன் தன் விண்மீனைக் கடப்பதை 1999-ல் கண்டார்கள். சூடான ராட்சசக் கோளின் காற்றில் சோடியம் ஆவியாக இருக்கும், அதன் கோடு எடுப்பாகத் தெரியும் என்று சாரா சீகரும் டிமிதார் சாஸலோவும் 2000-ல் கணித்தார்கள். டேவிட் ஷார்போனோ குழு ஹபிள் தொலைநோக்கியில் நான்கு கடப்புகளைப் பார்த்தது. 5893 ஆங்ஸ்ட்ராமைச் சுற்றி ஒளி கூடுதலாக 0.0232 விழுக்காடு குறைந்திருந்தது. 2002-ல் கட்டுரை வெளிவந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளில் காற்று உண்டு என்பதற்கு முதல் சான்று திருச்சி ஆய்வகங்களில் எரியும் அதே சோடியத்தின் கோடு. இருபது ஆண்டுக்கு மேலாகியும் நம் ஆய்வகச் சுவர்களில் அந்த வரைபடம் ஒட்டப்பட்டிருக்கிறதா?

கதை அத்தோடு முடிந்திருந்தால் அதுவும் இன்னொரு 5461 ஆகியிருக்கும். முடியவில்லை. சிலியில் உள்ள மாபெரும் தொலைநோக்கியில் எஸ்பிரெஸ்ஸோ என்ற நிறமாலைக் கருவியை வைத்து நூரியா கசசயாஸ்-பாரிஸ் குழு அந்தக் கோளை மறுபடி பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. விண்மீன் தன்னைத் தானே சுற்றுகிறது. அதன் ஒரு பாதி நம்மை நோக்கியும் மறுபாதி விலகியும் நகர்கிறது. கோள் கடக்கும்போது ஒரு நேரம் ஒரு பாதியையும் மறு நேரம் மறு பாதியையும் மறைப்பதால், விண்மீனின் சொந்த சோடியக் கோட்டின் வடிவமே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், உயர் பிரிதிறன் தரவில் கோளின் சோடியம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். விவாதம் ஓயவில்லை. எச்.டி. 189733பி போன்ற வேறு கோள்களில் சோடியம் உண்டு என்பது 2008-லிருந்து பலமுறை காணப்பட்டது. முதலில் சொன்ன கோளில்தான் சிக்கல்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு, அதுவும் இந்தத் துறைக்கு இருபத்தைந்து ஆண்டு முன்பே. திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். அங்கே ஒரு மீட்டர் சைஸ் தொலைநோக்கி நிறுவப்பட்ட அதே 1972-ல், ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவு செய்தார்கள். விண்மீன் ஒளி சட்டென்று அணையாமல் சற்றே மங்கி அணைந்ததாகத் தெரிந்தது. அப்படியானால் கானிமீடுக்குக் காற்று உண்டு. விளிம்பைத் தடவி வரும் ஒளியை வைத்துக் காற்றைக் கண்டுபிடிக்கும் அதே தர்க்கம்தான் இன்று புறக்கோள்களிலும் நடக்கிறது. 1979-ல் வாயேஜர் அருகே போய்ப் பார்த்தபோது அந்த அளவுக்குக் காற்று அங்கே இல்லை. 1990-களில் ஹபிள் மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. காவலூர்ப் பதிவு சொன்ன அளவோடு ஒப்பிட்டால் அது ஏதுமில்லாதது போலத்தான்.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தபோதும் காவலூர் விழித்திருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பிரதான மறைவுக்கு வெளியே இன்னொரு சிறு மறைவைப் பதிவு செய்து, யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். உண்மையில் அது வளையம். அளந்தது சரி, பொருள் கொண்டதுதான் வேறு. இந்த இரண்டு கதைகளையும் வெற்றிச் செய்தியாக மட்டும் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாதிக் கதையைச் சொன்னால் மாணவர்களுக்கு அறிவியலில் பாதிதான் போய்ச் சேரும்.

நம் கருவி எளியது, அவர்கள் கருவி எங்கோ இருக்கிறது, ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் 2022 ஜூலையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டபிள்யூஏஎஸ்பி-39பி-யின் ஒரு கடப்பைப் பார்த்து, 4.3 மைக்ரான் அலைநீளத்தில் கார்பன் டை ஆக்சைடின் கையெழுத்தை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. புறக்கோள் ஒன்றில் அவ்வளவு தெளிவாக அந்த வாயு தெரிந்தது அதுவே முதல் முறை. ஒளியைப் பிரிக்க அது பயன்படுத்தியது ஒரு முப்பட்டகம். பிரிதிறன் நூறு அளவில். சோடியத்தின் இரு கோடுகளைப் பிரிக்கவே ஆயிரம் அளவு பிரிதிறன் வேண்டும். அதைக் கல்லூரிக் கீற்றணி செய்துவிடுகிறது. ஆக, பிரிக்கும் திறமையில் வெப் நம் மேசைக் கருவியைவிடப் பின்தங்கித்தான் இருந்தது. அதன் பலம் வேறு: 6.5 மீட்டர் ஆடி, குளிர், காற்றில்லாத வெளி, அசையாமை. பல மணி நேரம் ஒரே ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமாக அளந்துகொண்டே இருக்கும் பொறுமை.

அதே தரவில் 4 மைக்ரானுக்கு அருகே இன்னொரு மேடு இருந்தது. அது கந்தக டை ஆக்சைடு என்று பின்னர் புரிந்தது. அந்தச் சூட்டில் கந்தகம் இயல்பாக ஹைட்ரஜன் சல்ஃபைடாகத்தான் இருக்க வேண்டும். விண்மீனின் புறஊதா ஒளி நீராவியை உடைக்க, அதில் பிறந்த துகள்கள் கந்தகத்தை ஆக்சிஜனோடு சேர்த்துவிட்டன. பூமியில் ஓசோனை உண்டாக்கும் அதே வகை ஒளிவேதியியல், 700 ஒளியாண்டுக்கு அப்பால்.

இன்னும் சூடான கோள்களில் மூலக்கூறு என்பதே நிற்காது. கெல்ட்-9பி-யின் பகல் பக்கம் சுமார் 4,300 டிகிரி செல்சியஸ். பல விண்மீன்களே அதைவிடக் குளிர்ச்சி. ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு. ஒன்றரை நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். 2018-ல் ஜென்ஸ் ஹூயிமேக்கர்ஸ் குழு அங்கே இரும்பும் டைட்டானியமும் ஆவியாக மிதப்பதைக் கண்டது. இரும்பு அணுக்களில் எத்தனை எலக்ட்ரானை இழந்து அயனியாகியிருக்கும் என்பதைக் கணக்கிட உதவுவது மேகநாத் சாகா 1920-ல் எழுதிய சமன்பாடு. சூரியனுக்காக எழுதியது, ஒரு கோளுக்கும் பொருந்துகிறது. கோள் ஒன்றுக்கு விண்மீன்களின் இயற்பியல் தேவைப்படும் என்று 1920-ல் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, லால்குடியிலிருந்து அரைமணிப் பயணத்தில், திருவானைக்காவல். சி.வி. ராமன் பிறந்தது அங்கே, தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரிகள் குடும்பத்தில், 1888 நவம்பர் 7-ல். சிறு வயதிலேயே குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டதால் திருச்சி அவரை அதிகம் சொந்தம் கொண்டாட முடியாது, ஆனாலும் கொண்டாடுகிறது. அவருடைய கண்டுபிடிப்புக்கும் வெப்ப வியாழன்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கோளில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் ஒரு பகுதியை ராமன் சிதறலால் வேறு அலைநீளத்துக்குத் தள்ளிவிடும். அதனால் விண்மீனின் கோடுகளுக்குப் பக்கத்தில் ‘பேய்க் கோடுகள்’ தோன்ற வேண்டும். அவை எவ்வளவு தள்ளித் தோன்றுகின்றன என்பதை வைத்து, சிதறடித்தது ஹைட்ரஜனா நைட்ரஜனா என்று சொல்லிவிடலாம். அந்தோனியா ஓக்லோப்சிச், கிறிஸ்டோபர் ஹிராட்டா, கெவின் ஹெங் மூவரும் 2016-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். யுரேனஸில் இந்த விளைவு ஏற்கெனவே தெரியும். புறக்கோளில் பிடிக்க அடுத்த தலைமுறைத் தொலைநோக்கிகள் வேண்டும்.

ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் 1950-ல் எழுதிய கதிர்வீச்சுப் பரிமாற்ற நூல், ஒளி ஒரு காற்று மண்டலத்துக்குள் எப்படிச் சிதறி வெளியேறுகிறது என்பதற்கு அடிப்படை நூல்களில் ஒன்று. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். சாகா, ராமன், சந்திரசேகர் என்று மூன்று பெயர்களைச் சொல்லி மார்தட்டிக்கொள்வதில் நமக்குக் குறை இல்லை. இன்றைய வேலை என்ன என்று கேட்டால் பதில் கொஞ்சம் மெலிகிறது. ஆனாலும் வெறுங்கை அல்ல. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அபு மலையில் தங்கள் நிறமாலைக் கருவியை வைத்து டிஓஐ-1789பி என்ற வெப்ப வியாழனை உறுதி செய்து 2021-ல் அறிவித்தார்கள்: 3.2 நாளில் ஓர் ஆண்டு, வியாழனின் 70 விழுக்காடு நிறை, 1.4 மடங்கு உருவம். இன்று புவனேசுவரத்தின் நைசர் நிறுவனத்தில் இருக்கும் ஜெயேஷ் கோயல், 117 கோள்களின் காற்று எப்படித் தெரியும் என்று முன்கூட்டிக் கணக்கிட்ட நிறமாலைத் தொகுப்பை 2018-ல் வெளியிட்டார். இப்படித் தனித்தனி முயற்சிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆள் சேர்க்கும் கல்லூரிகள்தான் குறைவு.

2025 பிப்ரவரியில் வந்த ஒரு முடிவு, ஆய்வக மஞ்சள் கோட்டின் மதிப்பை இன்னொரு முறை உயர்த்தியது. டபிள்யூஏஎஸ்பி-121பி என்ற கோளை ஜூலியா சீடல் குழு சிலியின் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளையும் இணைத்துப் பார்த்தது. இரும்பின் கோடு கீழ்த்தளக் காற்று பகலிலிருந்து இரவுப் பக்கம் வீசுவதைக் காட்டியது. சோடியத்தின் கோடு அதற்கு மேலே நடுக்கோட்டை ஒட்டிச் சுழலும் வேறொரு பெருங்காற்றைக் காட்டியது. அதற்கும் மேலே ஹைட்ரஜன். ஒரு வேற்றுக் கோளின் காற்றோட்டத்தை அடுக்கு அடுக்காகப் பார்த்தது அதுவே முதல் முறை. ஆய்வகத்தில் சோடியம் கோடு எந்த அலைநீளத்தில் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால், அங்கே அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல வழியில்லை. செய்முறை வகுப்பில் 5890-ஐத் துல்லியமாக அளப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. இருக்கும் சோதனையின் வாலில் ஒரு பகுதியைச் சேர்த்தால் போதும். சோடியம் கோட்டின் மேல் குறுக்கு நூலை நிறுத்தியபின், விளக்கை எடுத்துவிட்டு, வெயில் பட்ட வெள்ளைச் சுவரின் ஒளியைப் பிளவுக்குள் விடலாம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பிளவை நன்றாகக் குறுக்கினால் ஏழு நிறப் பட்டையின் மஞ்சளில், குறுக்கு நூல் நிற்கும் அதே இடத்தில், கருங்கோடு. விளக்கில் ஒளிர்ந்த சோடியம் சூரியனின் காற்றில் ஒளியை விழுங்குகிறது. கிர்ச்சாஃப் 1859-ல் புரிந்துகொண்டது இது. புதுச் செலவு ஒரு காசு கிடையாது. புறக்கோள் காற்றை அறியும் முறையின் பாதி இந்தப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

மறுபாதிக்குத் தரவு வேண்டும். அது கொட்டிக் கிடக்கிறது. டபிள்யூஏஎஸ்பி-39பி-யை வெப் பார்த்த தரவு, ஆய்வாளர்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் காலமே இல்லாமல், எடுத்த உடனே பொதுவில் விடப்பட்டது. ஹபிளின் பழைய தரவும் அப்படியே கிடைக்கிறது. கட்டணமில்லை. பதப்படுத்திய நிறமாலையை அலச அரசு தந்த மடிக்கணினியே போதும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஆண்டுதோறும் அதே சூரிய மின்கலம், அதே நானோ துகள் என்று சுற்றி வருவதற்குப் பதில், இரண்டு மாணவர்களிடம் ஒரு கோளின் தரவைக் கொடுத்து, இதில் சோடியம் இருக்கிறதா என்று கேட்கலாம். விடை புத்தகத்தில் இல்லை. ஆசிரியருக்கும் தெரியாது. அதுதான் இதன் சிறப்பு. மதிப்பெண்ணை விடைக்குப் போடாமல், பிழை எங்கெல்லாம் நுழையலாம் என்று மாணவர் எழுதும் பக்கத்துக்குப் போட வேண்டும்.

ஆசிரியர் பற்றாக்குறை, தன்னாட்சிக் குழுவின் ஒப்புதல், பல்கலைக்கழக விதி என்று தடைகளைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். நிரந்தரப் பணியிடம் காலியாகக் கிடக்கக் கௌரவ விரிவுரையாளரிடம் புதுமை கேட்பது நியாயமில்லை என்பதும் உண்மை. அதனால்தான் கேட்பது ஒரு சோதனை, ஒரு புராஜெக்ட் என்ற அளவில் நிற்கிறது. அப்துல் கலாம் 1954-ல் இயற்பியல் பட்டம் பெற்ற ஊர் இது. புதுக்கோட்டை சாலையில் அண்ணா அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. கோளரங்கக் காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவதோடு, கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரு சிறு தொலைநோக்கியையும் டிஜிட்டல் கேமராவையும் அங்கே வைத்தால், கோள் கடப்பையே நேரில் பதிவு செய்யலாம். உலகெங்கும் பொழுதுபோக்கு வானியலார் கொல்லைப்புறத்திலிருந்து செய்யும் வேலைதான் இது.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நல்ல இலக்கு எச்.டி. 189733. பூமியிலிருந்து சுமார் 64 ஒளியாண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலருக்குத் தெரியும். புரட்டாசி, ஐப்பசி முன்னிரவுகளில் திருச்சி வானத்தில் ஏறத்தாழ உச்சிக்கு வரும். மழை மேகம் விட்டால் சரி. அதன் வெப்ப வியாழன் 2.2 நாளுக்கு ஒருமுறை அதைக் கடக்கிறது. ஒவ்வொரு கடப்பும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மறையும் ஒளி சுமார் 2.4 விழுக்காடு. கடப்பு நேரங்களின் அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.